கை நனைக்கும் நாள்

அத்தியாயம் 14

தரகர் சின்னராசா சைக்கிளைக் கூடச் சாத்தாமல் நின்றபடியே, "வியாழக்கிழமை மாப்பிள்ளை பகுதி வருகினம், ஆயத்தமாய் இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனதையும், அந்தச் சந்தோஷத்தில் கமலாசனி அடுப்பில் வைத்த பாலைப் பொங்கி வழிய விட்டதையும் போன கிழமை பார்த்தோம். அந்த வியாழக்கிழமை விடிந்துவிட்டது.

விடிந்ததும் கமலாசனி செய்த முதல் வேலை, றேடியோவின் பின்மூடியைக் கழற்றிப் பற்றறியை வெளியே எடுத்தது. அதைப் பழைய சீலைத் துண்டொன்றில் சுற்றி, விதைத்து மிஞ்சிய நெல் சாக்குகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அன்றைய பேப்பரையும் சந்திக் கடையிலேயே மறித்து வைக்கும்படி முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. ஆறு வருடத்தில் இரண்டு சம்பந்தம் அவள் கண் முன்னாலே முறிந்து போயிருந்தது. இரண்டையும் முறித்தது அவள் கணவர் சிற்றம்பலத்தின் வாய்.

முதலாவது சம்பந்தம் சுயெஸ் கால்வாயில் மூழ்கியது. மாப்பிள்ளையின் தகப்பன், நல்ல மனிதர், வெற்றிலையை மடித்தபடி நாசர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னார். எகிப்து எங்கே, இரணைமடு எங்கே? சிற்றம்பலம் எழுந்து நின்று ஒரு மணித்தியாலம் பேசினார். வந்தவர்கள் வெற்றிலையை வாயில் போடாமலே போனார்கள். இரண்டாவது, பள்ளிக்கூடங்களை அரசாங்கம் கையேற்ற வருடம் வந்தது. அதைப் பற்றி எழுதினால் இந்த அத்தியாயம் போதாது.

மகள் விமலேஸ்வரிக்கு இப்போது இருபத்தாறு நடக்கிறது. அவளோடு படித்தவர்கள் இரண்டாவது பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். பதினோராம் வாய்க்கால் பக்கத்தில் கமலாசனியை மறித்து, "இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்காத பெண்கள் இல்லை. இந்தச் சம்பந்தமும் போனால், அடுத்ததைத் தேடிக்கொண்டு வரச் சின்னராசாவுக்கே கால் எழாது.

"இஞ்சாருங்கோ," என்றாள் கமலாசனி, கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த கணவரிடம். "இண்டைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். கென்னடியும் வேண்டாம், நேருவும் வேண்டாம். மழையைப் பற்றிக் கதையுங்கோ. விதைப்பைப் பற்றிக் கதையுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"நான் என்ன சின்னப்பிள்ளையே?"

"சின்னப்பிள்ளை எண்டால் பயமில்லையே. கையிலை ஒரு இனிப்பைக் குடுத்து இருத்திப்போடலாம்."

"உலகம் எரியப் போகுது. உமக்கு மழை!"

"எரியட்டும். அம்மாளாச்சியிலை சத்தியம் பண்ணுங்கோ."

சிற்றம்பலம் வாயைக் கொப்பளித்து, இரணைமடுக் கனகாம்பிகை அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "சரி. சத்தியம். போதுமே?"

அந்தக் கிழமை உலகமும் சரியில்லைத்தான். கியூபா என்ற தீவைச் சுற்றி அமெரிக்கக் கப்பல்கள் மறித்து நின்றன. ரஷ்யக் கப்பல்கள் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் இமயமலையில் சீனப் படை எல்லை தாண்டி இறங்கிவிட்டது. எந்த நேரமும் அணுகுண்டு விழலாம் என்று பேப்பர்காரன் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். கமலாசனிக்கும் அது தெரியும். விழுகிற குண்டு வியாழக்கிழமை பின்னேரத்துக்குப் பிறகு விழட்டும் என்பதுதான் அவளுடைய வேண்டுதல்.

குசினியில் விமலேஸ்வரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தாயைக் கண்டதும் நிமிர்ந்து, "அம்மா, இந்தமுறை எந்த நாடு?" என்று கேட்டாள்.

"வாயை மூடு. ஐயா சத்தியம் பண்ணிப்போட்டார்."

"எந்த நாட்டிலை?"

கமலாசனிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்தப் பெண்ணின் வாய் தகப்பனிடமிருந்து வந்தது. நல்ல வேளையாகப் பேச்சின் அளவு தாயினுடையது.

ஒன்பதரைக்கு நெடுங்கேணியிலிருந்து வாடகைக் கார் வந்து படலையடியில் நின்றது. முதலில் மாப்பிள்ளையின் தாய் இராசமலர் இறங்கினாள். வெள்ளைச் சீலை, வெறும் நெற்றி, களைத்த கண்கள். பிறகு மாப்பிள்ளை யோகலிங்கம். வவுனியாவில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். உயரம், கொஞ்சம் கூனல், குனிந்த தலை. கடைசியாக இராசமலரின் தமையன் மயில்வாகனம் இறங்கினார். கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். தகப்பனில்லாத மருமகனைப் படிப்பித்து ஆளாக்கியவர். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான் என்று சின்னராசா மூன்று தரம் சொல்லியிருந்தார். அவர் கம்யூனிஸ்ட் என்பதைச் சின்னராசா ஒரு தரமும் சொல்லவில்லை.

மயில்வாகனத்தின் கையில் அன்றைய பேப்பர் மடித்தபடி இருந்தது.

கமலாசனி அதைக் கண்டாள். தன் வீட்டுப் பேப்பரை மறித்தாள், தன் வீட்டுப் பற்றறியை ஒளித்தாள். வருகிற மனிதன் உலகத்தையே கையில் மடித்துக்கொண்டு வருவான் என்று யார் கண்டது!

வந்தவர்களைக் கதிரைகளில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். தட்டில் பயத்தம்பணியாரமும் முறுக்கும் இருந்தன. மயில்வாகனம் தேத்தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டைப் பக்குவமாகத் தள்ளி வைத்தார்.

"குறை நினையாதையுங்கோ. எல்லாம் பேசி முடிஞ்ச பிறகு கை நனைப்பம்."

அது முறைதான். பெண் வீட்டில் மாப்பிள்ளை பகுதி சோறு தின்றால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். தேத்தண்ணீர் குடித்தால் கணக்கில்லை, வெற்றிலை போட்டாலும் கணக்கில்லை. இலையில் கை வைத்துவிட்டால் பிறகு பின்வாங்கினவனை ஊர் மதிக்காது. அதனால்தான் கமலாசனி விடியற்புறம் தொடங்கி ஏழு கறி சமைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஏழு கறியும் மத்தியானம் இவர்கள் வயிற்றுக்குள் போகவேண்டும். அவளுக்கு இன்று வேறு எந்த யுத்தமும் இல்லை.

சிற்றம்பலம் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தமுறை மழை பிந்திப்போச்சு. விதைச்சுப்போட்டு வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறம்" என்றார்.

கதவு மறைவில் நின்ற கமலாசனி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"மழை எங்காலை பெய்யும்?" என்றார் மயில்வாகனம். "அமெரிக்கன் குண்டைப் போட்டுப் போட்டுப் பரிசோதிச்சு வானத்தையே கெடுத்துப்போட்டானே!"

சிற்றம்பலம் தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தார். ஒரு நிமிடம் பொறுத்தார். அந்த ஒரு நிமிடத்துக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

"அமெரிக்கன் மட்டுமே போட்டவன்? ரஷ்யாக்காரன் போட்டது குண்டில்லையோ? பூசணிக்காயோ?"

முடிந்தது. மழையில் தொடங்கி மூன்றாவது வசனத்தில் அணுகுண்டு. கமலாசனி தலையைக் கதவு நிலையில் சாய்த்துக்கொண்டாள்.

பேப்பர் விரிந்தது. கியூபாவில் அரை மணித்தியாலம் நின்றார்கள். அதிலாவது கென்னடி பிழையா குருஷேவ் பிழையா என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து, இரண்டு பேருமே பிழை என்ற இடத்துக்குக் கிட்ட வந்தார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சிற்றம்பலம் நிறுத்தவில்லை. இமயமலைக்கு ஏறிவிட்டார்.

"நேரு பாவம், நம்பி மோசம்போனார். பஞ்சசீலம் எண்டு கட்டிப்பிடிச்சவங்கள், இண்டைக்கு முதுகிலை குத்திப்போட்டாங்கள்."

"ஆர் குத்தினது? அந்த எல்லைக்கோட்டைக் கீறினவன் வெள்ளைக்காரன். அவன் கீறின கோட்டுக்கு நீங்கள் ஏன் காவல் நிக்கிறியள்?"

"கோட்டை ஆர் கீறினால் என்ன? வேலி வேலிதான். என்ரை வேலியைத் தாண்டி உங்கடை மாடு வந்தால் நான் பிடிச்சுக் கட்டித்தான் வைப்பன்."

"முதல் அது உங்கடை வேலியோ எண்டு பாக்கவேணும். காணி உறுதியைக் காட்டுங்கோ!"

வேலி என்ற சொல் விழுந்ததோடு கமலாசனி நம்பிக்கையைக் கைவிட்டாள். யாழ்ப்பாணத்தில் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளிடம் வேலியைப் பற்றிப் பேச்சு வந்தால், அது இமயமலையாக இருந்தாலும் ஒன்றுதான், ஒன்றரை முழப் புத்தூர்க் காணியாக இருந்தாலும் ஒன்றுதான். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். மயில்வாகனம் கையை வீசினார். தேத்தண்ணீர்க் கோப்பை பறந்து போய் நிலத்தில் விழுந்து நொறுங்கியது.

இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. யோகலிங்கம் மட்டும் எழுந்து, குனிந்து, துண்டு துண்டாகப் பொறுக்கினான். கைக்குட்டையில் போட்டுக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தான். அங்கே விமலேஸ்வரி நின்றாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நல்ல கோப்பை" என்றான்.

"பரவாயில்லை. இன்னும் நாலு கிடக்கு. நாடு எத்தினை கிடக்கோ தெரியாது" என்றாள் அவள்.

யோகலிங்கம் சிரித்தான். குனிந்தபடியே திரும்பிப் போனான். விமலேஸ்வரி கைக்குட்டையோடு அந்த இடத்திலேயே நின்றதைத் தாய் கண்டாள். மகளின் முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சமிருந்தது. போன இரண்டு தரமும் மகள் முகத்தில் இப்படி ஒன்றைக் காணவில்லை. அப்போது முறிந்தது சம்பந்தம் மட்டும். இப்போது முறிந்தால் பிள்ளையும் சேர்ந்தல்லவா முறிவாள்!

அதே நேரத்தில் விறாந்தையில் சிற்றம்பலத்தின் குரல் கேட்டது.

"சீனாக்காரனுக்குக் குடை பிடிக்கிற வீட்டிலை நான் பொம்பிளை குடுக்கமாட்டன்!"

"நல்லது. நாங்கள் இன்னும் கை நனைக்கேல்லை. இராசமலர், வெளிக்கிடு!"

ஆனால் வெளிக்கிட்டு ஏற வாசலில் கார் இல்லை. கார்க்காரன் பெற்றோல் அடிக்கவென்று கிளிநொச்சிச் சந்திக்குப் போயிருந்தான். இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்போது மணி பன்னிரண்டு. மயில்வாகனம் படலை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அதே கதிரையில், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார். சிற்றம்பலமும் தன் கதிரையில் இருந்தார். அவர்கள் பேசாமல் இருந்தது அதிகம் போனால் ஐந்து நிமிடம். பிறகு மயில்வாகனம் சுவரைப் பார்த்து, "போர்மோசாவைப் பற்றி உங்கடை நேரு என்ன சொன்னவர்?" என்று கேட்க, மறுபடி தொடங்கியது.

இராசமலர் கை கழுவவென்று குசினிக்கு வந்தாள். வந்தவள் கழுவவில்லை. பலகையில் பொத்தென்று இருந்துவிட்டாள்.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. எனக்கு வாழ்க்கை வெறுத்துப்போச்சு. உவர் என்ரை அண்ணைதான். உவராலைதான் நாங்கள் சோறு திண்டனாங்கள். ஆனால் என்ரை பிள்ளைக்கு வந்த ரெண்டு சம்பந்தத்தையும் உவர்தான் குழப்பினவர்."

"ரெண்டோ?" என்றாள் கமலாசனி.

"ரெண்டு. ஒண்டு கொங்கோவாலை போனது. மற்றது பஸ்ஸை அரசாங்கம் எடுத்ததாலை போனது. பொம்பிளையின்ரை தேப்பன் பஸ் முதலாளி."

கமலாசனி அடுப்படியில் நின்றபடி அவளையே பார்த்தாள். இத்தனை வருடமாகத் தன் வீட்டில் மட்டுமே இந்த வருத்தம் இருக்கிறதென்று நினைத்திருந்தாள். நெடுங்கேணியிலும் இருக்கிறது. ஒரு சிறு ஆறுதல், பிறகு பெருங்கோபம். இரண்டு பொம்பிளைகள் இரண்டு குசினியில் இருந்து அழ, இரண்டு ஆம்பிளைகள் இரண்டு விறாந்தையில் உலகத்தைத் திருத்துகிறார்கள்!

"இஞ்சை பாருங்கோ," என்று இராசமலர் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணைக்கு வாதம் வந்தால் கை என்ன செய்யுதெண்டு தெரியாது. வீட்டிலை ஒருநாள் தேர்தல் கதையிலை முழுப் பலாப்பழத்தைத் திண்டுபோட்டு, ஆர் திண்டதெண்டு என்னட்டைக் கேட்டவர்."

"பழம் தின்னலாம். சோறும் தின்பாரோ?"

"முன்னாலை இருந்தால் தின்பார்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கமலாசனி கரண்டியை வைத்துவிட்டுக் கையைச் சீலையில் துடைத்தாள்.

"பிள்ளை, இலையைக் கழுவு" என்றாள் மகளிடம்.

பாய் விரித்தது அந்த மூன்று பெண்களுக்கும் தெரியும். இலை போட்டது தெரியும். சிற்றம்பலத்துக்கும் மயில்வாகனத்துக்கும் தெரியாது. கமலாசனி செம்பில் தண்ணீரோடு வந்து, "கையை நீட்டுங்கோ" என்றாள். இரண்டு பேரும் திபெத்தைப் பற்றிப் பேசியபடியே நீட்டினார்கள். "இப்பிடி இருங்கோ" என்றாள். இருந்தார்கள். பழக்கம் என்பது அப்படித்தான். பன்னிரண்டரை மணிக்குப் பாயும் இலையும் கண்டால் உடம்பு தானாக மடங்கும், மூளையைக் கேட்காது. யோகலிங்கமும் அவர்களுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான்.

கமலாசனி சோறு வைத்தாள். மொட்டைக்கறுப்பன் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"அவங்கள் அறுபது கோடிச் சனம், சிற்றம்பலத்தார். அறுபது கோடி! அவங்களை உலகச் சபையிலை சேர்க்காமல் விட்டால்…" மயில்வாகனத்தின் கை பருப்பில் இறங்கியது. பிசைந்தது. எழும்பியது. சோறு உள்ளே போயிற்று.

கதவுக்குப் பின்னால் இராசமலர் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிற்றம்பலம் பதில் சொல்ல, இவர் மறுபதில் சொல்ல, இரண்டாம் சோறும் போயிற்று. அப்பளம் நொறுங்கியது. மோர்மிளகாய்க்கு மயில்வாகனம் ஒரு தரம் இருமினார், ஆனால் மக்மகன் எல்லைக்கோட்டை விடவில்லை. பாயாசத்தை இலையில் வழித்து நக்கி முடித்து, "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் பாயாசம் விடுங்கோ" என்று நிமிர்ந்தபோதுதான் தங்கை முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, கை நனைஞ்சுபோச்சு" என்றாள் இராசமலர்.

மயில்வாகனம் தன் கையைப் பார்த்தார். ஐந்து விரலிலும் பாயாசம். இலையைப் பார்த்தார். வெறும் இலை. கையை உதறப் பார்த்தார்.

"உது… உது பழைய நிலப்பிரபுக்களின்ரை வழக்கம்" என்றார் மெல்ல. "எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை."

"நம்பிக்கை இல்லையெண்டால் ஏன் காலமை பலகாரத் தட்டைத் தள்ளி வைச்சனீங்கள்?"

மயில்வாகனம் காலையில் தள்ளி வைத்த தட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிற்றம்பலமும் சிரித்தார். விடியப் பண்ணின சத்தியம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும், ஏனென்றால் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சிரித்தார்.

"சரி, சம்பந்தி," என்று இடது கையால் மயில்வாகனத்தின் தோளைத் தட்டினார். "சீனாவைக் கலியாணத்துக்குப் பிறகு பாப்பம்."

கமலாசனிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் சமையலை நினைத்துப் பெருமையாக இருந்தது. பிள்ளையாருக்கு எத்தனை தேங்காய் அடிக்கலாம் என்று மனம் ஓடத் தொடங்கியது.

"மாமி, நான் இன்னும் சாப்பிடேல்லை."

யோகலிங்கத்தின் குரல் அது. எல்லோரும் திரும்பினார்கள். அவனுடைய இலையில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. ஒரு பருக்கை குறையவில்லை. பரிமாறும்போது கமலாசனி அதைக் கண்டிருந்தாள். கூச்சம் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

"ஒண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிடுவம் எண்டு காலமை தொடக்கம் பாக்கிறன். ஆரும் இடம் தரேல்லை."

"சொல்லும் தம்பி, சொல்லும்" என்றார் சிற்றம்பலம் தாராளமாக.

"போன மாசம் நான் சிங்களச் சோதினை பாஸ் பண்ணிப்போட்டன். வாற முதலாந் திகதி அனுராதபுரக் கந்தோருக்கு மாத்திப் போட்டாங்கள். ரெண்டு வரியமாவது இருக்கவேணும். கலியாணம் முடிஞ்சால் அங்கைதான் குடித்தனம். அம்மாவுக்கும் இப்பத்தான் சொல்லுறன். இதை மறைச்சுப்போட்டு உங்கடை வீட்டுச் சோத்தைத் தின்ன எனக்கு மனம் வரேல்லை."

சிற்றம்பலத்தின் கை மயில்வாகனத்தின் தோளிலேயே நின்றுவிட்டது.

"சிங்களமோ?" என்றார். "போன வரியம் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நாங்கள் அரசாங்கக் கச்சேரி வாசலிலை வெயிலுக்கை குந்திக்கொண்டிருந்து காய்ச்சலோடை வந்தது இதுக்கோ? நீர் உள்ளுக்கை இருந்து அ ஆ படிக்கவோ?"

"எனக்கும் சொல்லாமல்!" என்று மயில்வாகனம் பாயில் அடித்தார். "ரெண்டு பாஷைக்கும் சம உரிமை எண்டு நான் மேடை மேடையாய்க் கத்தினனான். என்ரை வீட்டுக்குள்ளை இருந்தே… சிற்றம்பலத்தார் சொல்லுறதுதான் சரி!"

"மயில்வாகனத்தார் சொல்லுறதிலை நியாயம் இருக்கு!"

"சிங்களம் படிக்காட்டில் வேலை போகும், அம்மான்," என்றான் யோகலிங்கம். "மூண்டு வரியம் தவணை தந்தவங்கள். அது முடியுது. வேலை போனால் அம்மாவுக்கு ஆர் சோறு போடுறது? உங்கடை கட்சியோ, சிற்றம்பலம் மாமாவின்ரை கட்சியோ?"

இரண்டு பேருக்கும் ஒரே கோபம், ஒரே குரல். காலை தொடங்கி உலகத்தில் ஒரு நாட்டைப் பற்றியும் ஒத்துப்போகாத இரண்டு மனிதர்கள், இந்தப் பிள்ளையை வெட்டுவதற்கு மட்டும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்! கமலாசனிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏழு கறியையும் இரண்டு பேரின் தலையில் கொட்டலாமா என்றிருந்தது. போதும், வாயை மூடுங்கோ, பிள்ளை பொய் சொல்லாமல் சொன்னதே பெரிசு என்று கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது. அனுராதபுரம் என்ற சொல் அவளுக்கு அப்போதுதான் காதில் ஏறியது.

அவளுடைய தம்பி பாலன் ஐம்பத்தெட்டாம் ஆண்டு அதைப்போல இன்னொரு சிங்கள ஊரான பொலநறுவையில் கடை வைத்திருந்தான். தமிழருக்கு எதிரான கலவரத்தில் ஏழு நாள் காட்டுக்குள் ஒளிந்து கிடந்து வந்து சேர்ந்தான். அவனுடைய வலது கை இன்றுவரை மடங்காது. கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிடுகிறான். நாலு வருடமாக அவனுக்கு எதிரில் இருந்து சாப்பிட அவளால் முடிந்ததில்லை.

சுயெஸ், கொங்கோ, கியூபா என்று எத்தனை பெயர் இந்த விறாந்தையில் வந்து போயிற்று. எல்லாவற்றையும் விசர்க்கதை என்றாள். இந்த ஒன்றை விசர்க்கதை என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பயமாக இருந்தது. கணவர் கத்துவது கொள்கைக்காக. அவளுக்குக் கொள்கை இல்லை. ஒரே ஒரு பிள்ளை இருக்கிறாள்.

விமலேஸ்வரி குசினியிலிருந்து வந்தாள். கையில் சுடுசோற்றுச் சட்டி. நேராக யோகலிங்கத்தின் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"விமலி, உள்ளை போ!" என்றார் தகப்பன்.

அவள் அசையவில்லை. "அம்மா, இந்தச் சோறு ஆறிப்போச்சு. சுடுசோறு வைக்கவோ, இலையை எடுக்கவோ?"

"ஐயாவைக் கேள்" என்றாள் கமலாசனி.

"ஐயா சொல்லுறது எனக்குத் தெரியும். ஐயா எல்லா நாட்டைப் பற்றியும் சொல்லிப்போட்டார். நீங்கள் ஒருநாளும் ஒண்டும் சொன்னதில்லை. நீங்கள் சொல்லுங்கோ."

சுடு சட்டியைத் துணி கூடப் பிடிக்காமல் வெறுங்கையால் தூக்கி வந்திருப்பதைக் கமலாசனி கண்டாள். பிள்ளை தன் மனதை முடிவு செய்துவிட்டாள் என்று அதைப் பார்த்தே தெரிந்தது. தாயின் வாயிலிருந்து ஓம் என்று ஒரு சொல் வரவேண்டும் என்று மட்டும் நிற்கிறாள்.

கமலாசனி பாயின் ஓரத்தில் யோகலிங்கத்துக்கு எதிரே இருந்தாள்.

"தம்பி," என்றாள். "நான் கட்சி அறியாதவள். ஒண்டு கேக்கிறன். அங்கை ஒரு நாள் ஏதும் நடந்தால், என்ரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவியள்?"

சிற்றம்பலம் மயில்வாகனத்தின் தோளிலிருந்த கையை எடுத்தார். மயில்வாகனம் பாயாசக் கையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். இராசமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

யோகலிங்கம் இலையில் ஆறிய சோற்றைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது, மாமி" என்றான்.

அந்த விறாந்தையில் காலை தொடங்கி ஓர் ஆண்பிள்ளை தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

விமலேஸ்வரி தாயின் பதிலுக்கு நிற்கவில்லை. குனிந்து, ஆறின சோற்றை ஓர் ஓரமாக ஒதுக்கி, அகப்பையால் சுடுசோறு வைத்தாள். வைத்துவிட்டுச் சட்டியோடு அங்கேயே நின்றாள்.

சோற்றில் ஆவி பறந்தது. யோகலிங்கம் கை வைக்கவில்லை. நிமிர்ந்து கமலாசனியைப் பார்த்தான். எல்லோரும் கமலாசனியைப் பார்த்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்பதை அடுத்த கிழமை பார்ப்போம்.